சர்க்கார் சொன்னால் கேட்பார்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முப்பத்திரண்டு வயதுவரை இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது, வந்த கோபத்தை அப்போதே காட்டிவிடுவேன் என்பேன். யாரிடம் காட்டுவாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆபீஸில் மேலதிகாரி என் ஃபைலைத் தூக்கி எறிந்தபோதுகூட நான் குனிந்து பொறுக்கிக்கொண்டுதான் வந்தேன். என் கோபமெல்லாம் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வெளியே வரும். வீட்டில் இருந்தது என் மனைவி.

நான் பாதுகாப்பு இலாகாவின் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. பூனாவில், தாபோடிப் பக்கம், வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அந்த வரிசையில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள். எல்லா வீட்டு ஆண்களும் ஒன்று ராணுவத்தோடு ஒட்டிய ஆபீஸ், இல்லாவிட்டால் தொழிற்சாலை. பெண்களுக்கு மராத்தி காய்கறிக்காரியோடு பேரம் பேசுகிற அளவுக்குத் தெரியும்.

முதல் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுக்க ஒரு மராத்திப் பள்ளி ஆசிரியர் வீடு வீடாக வந்தார். நான் ஆபீஸில் இருந்த நேரம். என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பெயர் என்ன என்று கேட்டார். அந்நிய ஆணிடம் பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சரி, கணவர் பெயர் என்ன என்று கேட்டார். புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்கள் பெண்களுக்குக் கிடையாது என்பது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து என் பெயரைச் சொல்ல, 'இன்னாருடைய மனைவி' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இப்படி எழுதிய பெயர்களெல்லாம் செல்லாது, பெண்கள் சொந்தப் பெயரைத் தர வேண்டும், தராதவர்களை நீக்கிவிடுங்கள் என்று பிறகு உத்தரவு வந்தது. பட்டியல் ஒட்டியபோது அதில் நான் இருந்தேன், அவள் இல்லை.

ஆபீஸில் ஒருவன், மதராஸிகள் வீட்டில் பெண்களுக்குப் பெயரே வைப்பதில்லையா என்று எல்லோர் முன்பும் கேட்டான். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அவளை அறைந்தேன். சுதந்திர நாட்டில் ஓட்டுரிமையைத் தொலைத்துவிட்டாள் என்பதற்காக ஒரு பெண்ணை அறைந்த மகானுபாவன் நானாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை. இப்போது இதை எழுதும்போது கை கூசுகிறது.

அடுத்த தேர்தல் ஐம்பத்தேழில் வந்தது. இந்த முறை விடுவேனா? பட்டியலைத் திருத்துகிறார்கள் என்று தெரிந்ததும் நானே படிவம் வாங்கி, அவள் பெயரை எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வரைவுப் பட்டியல் ஒட்டிய அன்று வெயிலில் நின்று விரலை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தேன். அக்கம்பக்கத்துப் பெண்களின் பெயர்களையும் நான்தான் சேர்த்துவிட்டேன். அதோடு விட்டேனா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரையும் எங்கள் வீட்டு முன்னறையில் உட்காரவைத்து ஓட்டுப் போடுவது எப்படி என்று பாடமும் எடுத்தேன்.

அந்தத் தேர்தலில் சீட்டில் முத்திரை குத்துவது கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனி இரும்புப் பெட்டி, அதன் மேல் அவருடைய சின்னம். பெட்டிகளை ஒரு மறைப்புக்குப் பின்னால் வரிசையாக வைத்திருப்பார்கள். ஒரு ரூபாய் நோட்டு அளவில் ஒரு சீட்டுத் தருவார்கள். தனியாக உள்ளே போய், வேண்டியவரின் பெட்டியில் அதைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். இதை எங்கள் பெண்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமே என்று நான் ஓர் உதாரணம் கண்டுபிடித்தேன்.

"கோயில் உண்டியல்னு நினைச்சுக்கோங்க. மனசுல என்ன வேணுமோ அதை நினைச்சுப் போட்டுட்டு வரணும். அது நேரா சர்க்காருக்குப் போய்ச் சேரும்" என்றேன்.

அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்த என் மனைவி, "யாரு என்ன போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாதுங்களா?" என்று கேட்டாள்.

"ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

"வீட்டுல இருக்கறவங்களுக்கு?"

"எனக்கே தெரியாது, போதுமா?" என்றேன். பெண்கள் சிரித்தார்கள். பாடம் நன்றாகப் போனதில் எனக்கு ஏகப்பட்ட திருப்தி.

இவ்வளவு சொன்னவன், யாருக்குப் போட வேண்டும் என்பதையும் அவளிடம் சொல்லிவைத்தேன். அவள் "சரிங்க" என்றாள். ஓட்டுப் போட்டுவிட்டு வந்து மை வைத்த விரலை எங்கள் குழந்தைக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, நான் சொன்ன பெட்டியில்தானே போட்டாய் என்று கேட்டேன். அதற்கும் "ஆமாங்க" என்றாள்.

வாக்கு எண்ணும் வேலைக்கு எங்கள் ஆபீஸிலிருந்தும் சிலரை எடுத்துக்கொண்டார்கள். அதில் நானும் ஒருவன். நகரத்துக்குள் ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்தில் மேஜைகளைப் போட்டிருந்தார்கள். யார் எந்தப் பெட்டியில் போட்டார் என்ற இரகசியத்தைக் காப்போம் என்று எங்களிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதனால் சின்னங்களின் பெயர்களை இங்கேயும் சொல்லப்போவதில்லை. சிரிக்காதீர்கள், அந்த ஒரு விஷயத்திலாவது நான் யோக்கியனாக இருந்துகொள்கிறேன்.

பெட்டியின் அரக்கு முத்திரையை வேட்பாளர்களின் ஏஜெண்டுகளிடம் காட்டி, உடைத்து, மேஜையில் கவிழ்ப்போம். மடித்த சீட்டுகளைப் பிரித்து நீவி, ஐம்பது ஐம்பதாகக் கட்டுவோம். சீட்டுகளோடு வேறு என்னென்னவோ விழுந்தன. சாமந்தி இதழ்கள், குங்குமப் பொட்டலம், ஒரு பெட்டியில் வெற்றிலை. சனங்கள் பெட்டியைக் கும்பிட்டிருக்கிறார்கள் என்று எங்களுக்கெல்லாம் ஒரே வேடிக்கை. நான் என் மேஜையில், படிக்காத சனங்களுக்கு ஓட்டைக் கொடுத்தால் இப்படித்தான் என்று உரக்கவே சொன்னேன்.

மத்தியானத்துக்கு மேல் இரண்டு மேஜை தள்ளி ஒரு தகராறு கிளம்பியது. ஒரு வாக்குச் சீட்டோடு சேர்த்து மடித்த இன்னொரு காகிதம் இருந்தது. இரண்டையும் மஞ்சள் தடவிய நூலால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். காகிதத்தில் ஏதோ எழுதியிருந்தது. ஓட்டுப் போட்டவர் யார் என்று காட்டிக்கொடுக்கும்படி எழுத்தோ அடையாளமோ இருந்தால் அந்த ஓட்டு செல்லாது என்பது விதி. ஒரு ஏஜெண்டு அதைச் சொல்லி ஆட்சேபம் எழுப்பினார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். கேம்பில், அதாவது ராணுவக் குடியிருப்புப் பகுதியில், மளிகைக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம். என் மனைவி எழுதித் தரும் சீட்டைக் கொடுத்து நாங்கள் மாதா மாதம் சாமான் வாங்குவது அவரிடம்தான். பாய் என்று கூப்பிடுவோம். அந்தப் பெட்டி அவருடைய வேட்பாளருடையது இல்லை. ஓர் ஓட்டு குறைந்தால் அவர் பக்கத்துக்கு நல்லது.

தேர்தல் அதிகாரி கண்ணாடி போட்ட, சாந்தமான மராத்தி மனிதர். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது மதராஸி எழுத்துப்போல இருக்கிறதே, படிக்கத் தெரிந்த ஊழியர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். பாய்க்குப் படிக்கத் தெரியும், ஆனால் ஆட்சேபம் சொன்னவரிடமே அதைக் கொடுக்க முடியாது. அதிகாரி கேட்டு முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். நூறு பேர் இருந்த கூடத்தில் ஊழியர்களில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று! சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.

காகிதத்தை வாங்கிப் பிரித்தேன். நாள்காட்டித் தாளின் பின்பக்கம். ஊதா எழுத்து. நாக்கில் தொட்டு எழுதினால் மைபோலப் பதிகிற பென்சில் ஒன்று உண்டு, அதை ஆபீஸிலிருந்து நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். என் மனைவி பென்சிலை அழுத்தி எழுதுவாள். தாளின் மறுபக்கத்தைத் தடவினால் எழுத்து கையில் தட்டும். அது தட்டியது.

அதில் இருந்தது இவ்வளவுதான். எனக்கு ஓர் எழுத்து விடாமல் நினைவிருக்கிறது.

'ஐயா அவர்களுக்கு. என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் கை நீட்டுகிறார். மற்றபடி நல்லவர். குழந்தை பார்த்துப் பயப்படுகிறது. சர்க்கார் வேலையில் இருக்கிறார். சர்க்கார் சொன்னால் கேட்பார். கை நீட்ட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவும். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.'

கீழே பெயர் இல்லை. என் பெயரும் இல்லை, அதைத்தான் அவள் எழுத மாட்டாளே.

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? வெட்கம் என்று சொல்ல ஆசைதான். இல்லை. கோபம். நான் சொன்ன பெட்டி இது இல்லை. "ஆமாங்க" என்று என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாள். வீட்டு விஷயத்தை ஊர்ப் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள். வீட்டுக்குப் போனதும் வைக்கிறேன் உனக்கு என்று நினைத்தேன். வலது உள்ளங்கை நிஜமாகவே தினவெடுத்தது. அதே கையில்தான் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் கையை நான் பார்த்தேன். என்னமோ இன்னொருவனுடைய கையைப் பார்ப்பதுபோலிருந்தது. அதிகாரி ஏதோ சொல்கிறார், எனக்குக் கேட்கவில்லை. யாரோ "மோட்யானே வாசா" என்று கத்தினார்கள். உரக்கப் படி என்று அர்த்தம்.

நான் படிக்கவில்லை. "ஒரு பெண் எழுதியிருக்கிறாள் சார். தன் கணவர் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாள்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

கூடத்தில் எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். அதிகாரிகூடச் சிரித்தார். நல்ல மனைவி, அந்த மனிதன் கொடுத்துவைத்தவன் என்றார். பிறகு, இதைக் கொண்டு எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று என்னைக் கேட்டார்.

முடியும் என்று நான் சொல்லியிருந்தால் அவளுடைய ஓட்டு குப்பைக்குப் போயிருக்கும். ஏழு வருஷத்துக்கு முன்னால் பெயரைத் தொலைத்ததற்காக அறை வாங்கியவள், பெயர் வந்த பிறகு போட்ட முதல் ஓட்டு. அதை நினைத்து நான் அவளைக் காப்பாற்றினேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். என் மானத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். "தெரியவில்லை சார்" என்றேன்.

பாய் விடவில்லை. தனக்கும் அந்த எழுத்து படிக்கத் தெரியும், தானும் பார்க்க வேண்டும் என்றார். அது அவருடைய உரிமை. அதிகாரி காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி அவரிடம் கொடுத்தார்.

பாய் படித்தார். ஆறேழு வரியைப் படிக்க ஒரு மனிதன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. இவர் வாயைத் திறந்தால் போதும். எண்ண வந்த ஊழியன் அதிகாரியிடம் பொய் சொன்னான் என்று ஆகும். வேலை போகும். அதைவிட, அந்தக் காகிதத்தில் இருந்தது நூறு பேர் காதில் விழும்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவே இல்லை. "நாம் நஹீ ஹை சாஹப், கின் லோ" என்று ஹிந்தியில் சொன்னார். பெயர் இல்லை, எண்ணிக்கொள்ளுங்கள்.

என்னைக் காட்டி, இவர் சொன்னதுதானா எழுதியிருக்கிறது என்று அதிகாரி கேட்டார். புருஷனைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது, ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார் பாய். சீட்டு கட்டுக்குள் போனது. காகிதத்தை ஓர் உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். கூட்டம் கலைந்தபோது பாய் என் பக்கத்தில் வந்து, குரலை இறக்கித் தமிழில் சொன்னார்.

"உங்க வீட்டுச் சாமான் சீட்டு மாசா மாசம் என் கையிலதான் வருது, தம்பி."

சொல்லிவிட்டு நடந்துவிட்டார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது. பிறகு நான் எண்ணிய கட்டுகள் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. நாற்பத்தெட்டு, ஐம்பத்தொன்று என்று வந்தது. மேற்பார்வையாளர் என்னை எழுப்பிவிட்டு வேறொருவரை உட்காரவைத்தார்.

வீட்டுக்குப் போனேன். அவள் சாதம் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, பெட்டியில் வேறு ஏதாவது போட்டிருந்தார்களா என்று கேட்டாள். சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"கண்டதையும் போட்டிருந்தாங்க."

"அதையெல்லாம் என்ன பண்ணுவாங்க?"

"உறையில போட்டு சீல் வெச்சு மேல அனுப்பிடுவாங்க."

"யாரும் படிக்க மாட்டாங்களா?"

"நாங்க படிக்கக் கூடாது" என்றேன். மேலே அனுப்புவார்கள் என்றதும் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்ததே, அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

அன்றையிலிருந்து நான் கை நீட்டவில்லை. இதற்கு மெடல் கேட்கவில்லை. கோபம் வந்தது, வராமலா இருக்கும்? வந்தபோதெல்லாம் அந்த ஊதா எழுத்து கண்ணில் வந்து நின்றது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலம்வரை போய்விட்டு வருவேன். பாயின் கடைக்கு மட்டும் ஏழெட்டு மாதம் போகவில்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் சீட்டைக் கொடுத்தனுப்பினேன்.

அந்த வருஷத்து மழைக்காலத்தில் ஒரு நாள், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"ஏங்க, ஆபீஸ்ல பெரியவங்க யாராச்சும் உங்களைக் கூப்பிட்டு ஏதாவது சொன்னாங்களா?"

அந்த நிமிஷத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் படித்துவிட்டேன், நானாகத்தான் நிறுத்திக்கொண்டேன் என்று. படித்தேன் என்று சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு எப்படி இருக்கும் என்றும் நினைத்தேன். "சொன்னாங்க" என்றேன். என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் அவள் சிரித்துப் பேசுவதைக் கேட்க முடிந்தது. குழந்தையும் நான் வந்தால் அடுக்களைக்குள் ஓடுவதை விட்டுவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

ஐந்து வருஷம் ஓடியது. அறுபத்திரண்டில் அடுத்த தேர்தல். இப்போது முறையை மாற்றிவிட்டிருந்தார்கள். எல்லாச் சின்னங்களும் ஒரே சீட்டில், வேண்டியதன் மேல் முத்திரை குத்தி, எல்லோர் கண்முன்னும் இருக்கிற ஒரே பெட்டியில் போட வேண்டும். அவளை உட்காரவைத்து இதையெல்லாம் விளக்கினேன். யாருக்குப் போட வேண்டும் என்று இந்த முறை சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் மனம் வேறெங்கோ இருந்தது. இரண்டு நாளாகவே சரியாகச் சாப்பிடவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள்.

"கேளு."

"இந்த ஓட்டுல சர்க்கார் மாறிடுச்சுன்னா, பழைய சர்க்கார் போட்ட உத்தரவெல்லாம் செல்லுமா?"

நான் ஆபீஸ்காரன். பதினைந்து வருஷம் உத்தரவுகளோடு குப்பை கொட்டியவன். அது அந்தந்த உத்தரவைப் பொறுத்தது, சிலது செல்லும், சிலது புதிதாக வருகிறவர்கள் ரத்துச் செய்துவிடுவார்கள் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டு போனேன். சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஐந்து வருஷமும் அவள் இதை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது இடிபோல என் தலையில் இறங்கியது.

அவள் மை வைத்துக்கொள்ளப் போகிற விரலைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"ரத்து பண்ணினா, முன்னாடியே நமக்குச் சொல்லுவாங்களா?"